முதல் அடியைக் காலியாக விடும் தாளம்: சபைப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான குருவானவர் அவர்களுக்கும், சேகர கமிட்டிப் பெரியவர்களுக்கும், நம்முடையதைப் போன்ற சபைகளில் ஆராதனைக்கு எந்தப் பாட்டு, எந்த வாத்தியம் என்று முடிவெடுக்கிற எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம்.

வாலிபர் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் சபை ஹாலில் பையன்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். பல வருஷமாகப் பாடகர் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறவன் என்பதால், "அண்ணே, வந்து ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்து, சரணத்தை ரெகே என்ற ஜமைக்கா தாளத்திலும் பல்லவியைக் கனமான மின்கிதாரிலும் அமைத்திருந்தார்கள். நடுவில் எட்டு வரி ராப். அவர்களே எழுதியது. வேலை கிடைக்காமல் வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் இருக்கும் ஒருவன் கர்த்தரிடம் பேசுவது மாதிரி, நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருந்தார்கள். இரண்டாவது சரணத்தில் திடீரென்று எல்லாம் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை. கமிட்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மெயின் சுவிட்சை அணைத்திருந்தார்.

இதை எங்கே படித்தீர்கள் என்று அவர் கேட்டார். டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்குப் பத்தொன்பது வயது. ஒளிக்காமல் சொன்னான். "பி.ஓ.டி.ன்னு ஒரு அமெரிக்க பேண்ட் ஐயா. அவங்களும் விசுவாசிங்கதான்." பெரியவர் போனில் தேடிப் பார்த்தார். சடைமுடியும் பச்சை குத்திய கைகளுமாக நான்கு பேர் நிற்கும் படம் வந்தது. அதோடு அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அடுத்த வாரமே கமிட்டி கூடி, ஆராதனையிலும் ஹாலிலும் டிரம்ஸும் மின்கிதாரும் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. காரணம் என்று எழுதியிருப்பது இவ்வளவுதான்: "உலகப்பிரகாரமான சத்தம்." பேச்சில் இன்னும் இரண்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அது ஜமைக்காவின் ரஸ்தாபாரி மதத்துப் பாட்டு என்று ஒருவர் சொன்னாராம். அந்தக் குழுவின் பேரிலேயே சாவு இருக்கிறது என்று இன்னொருவர்.

பெரியவர்களோடு சண்டை போட நான் இதை எழுதவில்லை. உங்களில் இரண்டு பேர் எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவர்கள். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து நீங்கள் தள்ளிவிட்ட அந்தக் குழுவின் பாட்டை இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுவருகிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அந்தப் பையன்களுக்கு நான் செய்கிற துரோகம் ஆகிவிடும்.

சான் டியேகோ, அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் துறைமுக நகரம். அதன் தெற்கு ஓரத்தில், மெக்சிகோவின் திஹுவானா நகரை ஒட்டினாற்போல் சான் இசிட்ரோ என்ற பகுதி இருக்கிறது. உலகத்திலேயே மிக அதிகமான ஆட்கள் தினமும் கடந்துபோகும் தரைவழி எல்லைகளில் அதுவும் ஒன்று. மெக்சிகோக்காரர்கள், பிலிப்பினோக்கள், பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவர்கள், கறுப்பினத்தவர் எல்லோரும் கலந்து வாழும், உழைத்துச் சாப்பிடுகிறவர்களின் பகுதி. அந்தச் சுற்றுவட்டாரத்தைத்தான் இவர்கள் 'சவுத்டவுன்' என்று பாட்டுக்குப் பாட்டு சொல்கிறார்கள். நாம் ஊர்ப் பெயரைச் சொல்வோமே, அந்தப் பாசத்தோடு. 1992-இல் மார்கோஸ் குரியேல் என்ற கிதார்காரரும், வுவ் என்று எல்லோரும் கூப்பிடும் நோவா பெர்னார்டோ என்ற டிரம்ஸ்காரரும் அங்கேதான் குழுவைத் தொடங்கினார்கள். பாடுகிற சன்னி சாண்டோவல், வுவின் நெருங்கிய உறவுக்காரர். பேஸ் வாசிக்கும் டிரா டேனியல்ஸ் அடுத்த ஓரிரண்டு வருஷத்தில் வந்து சேர்ந்தார்.

சன்னியின் கதையை நீங்கள் கேட்க வேண்டும். அவர் அம்மாவுக்குப் புற்றுநோய். பிழைக்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. அந்த நாட்களில்தான் சன்னி இயேசுவிடம் வந்தார். அவர் பாடகராக வேண்டும் என்று திரிந்தவர் அல்ல. உறவுக்காரர் கூப்பிட்டார், துக்கத்தோடு போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். அம்மாவை இழக்கப் போகிற ஒரு வாலிபன் தேவனிடம் எப்படிப் பேசுவான்? மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று யாராவது அவனிடம் சொல்ல முடியுமா? சங்கீதக்காரன்கூட, என் கூப்பிடுதல் உம்மிடத்தில் சேர்வதாக என்று கத்தித்தானே கேட்கிறான்?

பேருக்கு வருகிறேன். பி.ஓ.டி. என்பது ஆங்கிலத்தில் 'பேயபிள் ஆன் டெத்' என்ற மூன்று சொற்களின் முதலெழுத்து. அமெரிக்க வங்கிகளில் புழங்கும் வார்த்தை அது. கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால் இந்தப் பணம் இன்னாருக்குப் போய்ச்சேர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். நம் வங்கியில் நாமினி எழுதுகிறோமே, அதேதான். இறந்தவர் சம்பாதித்தது, எதுவும் சம்பாதிக்காதவனுடைய கைக்கு வருகிறது. இதை எடுத்துத் தங்கள் பேராக வைத்துக்கொண்ட பிள்ளைகள் என்ன நினைத்து வைத்திருப்பார்கள் என்று பெரிய வெள்ளி ஏழு வார்த்தைகளைப் பிரசங்கிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆரம்ப நாட்களில் அவர்களைப் பெரிய கம்பெனி எதுவும் தேடி வரவில்லை. வுவின் அப்பாவே ரெஸ்க்யூ ரெக்கார்ட்ஸ் என்று ஒரு சிறிய வெளியீட்டு நிறுவனம் தொடங்கி, 1994-இலும் 1996-இலும் அவர்களுடைய முதல் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டார். பிள்ளைகளின் சத்தத்தை நிறுத்த சுவிட்சைத் தேடாமல், அதை ஊருக்குக் கொண்டுபோக வழி தேடிய ஒரு தகப்பன். அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நெகிழும். பிறகு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 1999-இல் 'தி ஃபண்டமென்டல் எலிமென்ட்ஸ் ஆஃப் சவுத்டவுன்' வந்தது.

நான் முதலில் கேட்டது அடுத்த தொகுப்பை. 2002-ஆம் வருஷம், கல்லூரி விடுதி. தூத்துக்குடி நண்பன் ஒருவனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய சிடி ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்திருந்தார். 'சாட்டிலைட்'. என் அறையில் இருந்த சிடி பிளேயருக்கு மூடி உடைந்திருந்தது. மேலே ஒரு அகராதியை வைத்தால்தான் ஓடும். அகராதியை வைத்து அமுக்கிக்கொண்டே கேட்டோம். பல்லைக் கடித்த மாதிரி கிதார், காலுக்குக் கீழே தரை அதிர்கிற மாதிரி டிரம்ஸ். திடீரென்று அந்த இடி எல்லாம் ஒதுங்கி, வெயிலில் காயும் துணி மாதிரி ஒரு ரெகே தாளம் ஆடி ஆடி வந்தது. நான் அதுவரை கேட்ட எந்தக் கிறிஸ்தவப் பாட்டும் என் வயதை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அந்தத் தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவிடுங்கள். நான் வாசிக்கிறவன், எனக்கு இது முக்கியம். சாதாரண ராக் பாட்டில் நான்கு அடி என்றால் முதல் அடியில் பெரிய டிரம் கண்டிப்பாக விழும். அதுதான் தூண். ஜமைக்காவில் பிறந்த ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில் அந்த முதல் அடி காலி. எதிர்பார்க்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது. மூன்றாவது அடியில்தான் பெரிய டிரம் போய் விழும். கிதார், அடிக்கும் அடிக்கும் நடுவில் 'சக்' என்று ஒரு வெட்டு வெட்டி உடனே அமுங்கிவிடும். பாட்டின் நடையைத் தூக்கிச் சுமப்பது பேஸ். நம் கீர்த்தனைகளிலும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டுகள் உண்டு. பாடத் தெரிந்தவர்கள் அந்த இடைவெளியில் ஒரு மூச்சு வாங்கி நிற்பார்கள். அந்த மூச்சு ரெகே முழுக்க இருக்கிறது. கனமான மின்கிதார் இசையான மெட்டலுக்கு அந்த இடைவெளியே கிடையாது, சுவர் மாதிரி நிற்கும். இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தால் சாதாரணமாக ஒட்டாது. பி.ஓ.டி. ஒட்டவைத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் வுவின் கையும் டிராவின் பேஸும்தான். கனமான பகுதியிலும் டிரா ரெகேக்காரனைப் போலப் பின்னால் சாய்ந்தே வாசிப்பார். அதனால் இடி வரும்போதும் ஆட்டம் நிற்காது. எங்கள் பையன்கள் ஆறு வாரம் பழகியது இந்த ஒரு விஷயத்தைத்தான். அந்தச் சனிக்கிழமைதான் முதல்முறையாகக் கைகூடியது. கைகூடிய அந்த நிமிஷத்தில்தான் சுவிட்ச் அணைந்தது.

ரஸ்தாபாரி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. எத்தியோப்பியாவில் 1930-இல் முடிசூடிய ஹைலே செலாசியை தெய்வமாகக் கொண்டாடும் ரஸ்தாபாரி நம்பிக்கையை நாம் ஏற்பதில்லை. பி.ஓ.டி.யும் ஏற்பதில்லை. ஆனால் ரஸ்தாபாரிகள் தேவனைக் கூப்பிடும் 'ஜா' என்ற சொல்லைக் கேட்டதும் கலங்க வேண்டாம். 68-ஆம் சங்கீதம் நான்காம் வசனத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. எபிரெய மொழியில் கர்த்தருடைய நாமத்தின் சுருக்கம் அது. ஒவ்வொரு ஞாயிறும் நாமும் அதைச் சொல்கிறோம். அல்லேலூயாவின் கடைசி எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். சீயோன், பாபிலோன், யூதா கோத்திரத்துச் சிங்கம் எல்லாம் நம் வேதத்தின் சொற்கள். கப்பலில் கட்டி இழுத்துவரப்பட்ட அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஜமைக்காவில் வேதத்தைத் திறந்தபோது, சிறைப்பட்டுப்போன இஸ்ரவேலில் தங்களையே கண்டார்கள். அந்த வலியிலிருந்துதான் இந்தப் பாட்டே வருகிறது.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். போனி எம் என்ற குழு 1978-இல் பாடியது. நம் ஊர்க் கிறிஸ்துமஸ் விழாக்களில் ஒலிபெருக்கியில் போடாத வருஷம் இல்லை. அது 137-ஆம் சங்கீதம். அதை முதலில் பாடியவர்கள் தி மெலோடியன்ஸ் என்ற ஜமைக்கா ரெகே குழு, 1970-இல். ரஸ்தாபாரிகளின் பாட்டாகத்தான் அது பிறந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக நம் சபை வளாகத்தில் ரெகேயில் பிறந்த சங்கீதம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. யாருடைய விசுவாசமும் அதனால் குறையவில்லை.

'சாட்டிலைட்' தொகுப்பில் 'வித்தவுட் ஜா, நத்திங்' என்ற பாட்டில் பேட் பிரெய்ன்ஸ் குழுவின் எச்.ஆர். வந்து பாடுகிறார். அவர் ரஸ்தாபாரி. மின்னல் வேகப் பங்க் இசையையும் ரெகேயையும் ஒரே மேடையில் வைத்து வழிகாட்டிய கறுப்பினத்துக் குழு அவர்களுடையது. பி.ஓ.டி. பிள்ளைகள் வாத்தியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மரியாதை செய்தார்கள் என்றுதான் அதை நான் பார்க்கிறேன். அதே தொகுப்பில் 'ரிடிக்யுலஸ்' பாட்டுக்கு ஈக்-எ-மவுஸ் என்ற ஜமைக்காக்காரர் வருகிறார். பொருள் இல்லாத அசைகளைத் தாளத்துக்கு அடுக்கிப் பாடுவதில் பேர்போனவர். நாற்று நடும்போது நம் ஆச்சிமார் தன்னானே போடுவார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வரும். 2006-இல் வந்த 'டெஸ்டிஃபை' தொகுப்பில், அப்போது கட்டுப்பாடான மரபைப் பின்பற்றும் ஹசிடிக் யூதராக இருந்த ரெகே பாடகர் மதிஸ்யாகு வந்து 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மை லைஃப்' என்ற பாட்டில் சேர்ந்து பாடினார். பாட்டின் தலைப்பு 27-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் உள்ளதுதான்: என் ஜீவனின் பெலன். தாடியும் தொப்பியுமாக ஒரு யூதரும் சடைமுடியோடு ஒரு கிறிஸ்தவரும் தாவீதின் வார்த்தையை ரெகேயில் பாடுகிறார்கள். தயவுசெய்து ஒரு தடவை கேளுங்கள்.

சத்தம் என்று எழுதினீர்கள். சத்தம் எதற்காக என்று கேட்கவில்லை. 2001 மார்ச் 5-ஆம் தேதி, சான் டியேகோவை அடுத்த சான்டீ என்ற ஊரில், சன்டானா உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். இரண்டு மாணவர்கள் இறந்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். அந்த நாட்களில் பி.ஓ.டி. அந்தப் பக்கத்தில்தான் புதிய தொகுப்புக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'யூத் ஆஃப் தி நேஷன்'. ஸ்கேட்போர்டில் பள்ளிக்குப் போகும் ஒரு பையன், அப்பா விட்டுப்போன ஒரு சிறுமி, யாரும் சேர்த்துக்கொள்ளாத இன்னொரு பையன் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கதை சொல்லிப் போகிறது. டிரம்ஸ் அதில் குதிக்காது. இழவு வீட்டிலிருந்து எழும்பும் மேளம் மாதிரி கனத்து நடந்துவரும். கடைசியில் சிறுபிள்ளைகளே சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பிள்ளைக் குரல்கள் வரும் இடத்தில் இன்றுவரை எனக்குத் தொண்டை அடைக்கிறது. இந்தப் பாட்டில் உபதேசம் இல்லை. ஒரு பிள்ளை ஏன் அப்படிப் போனான் என்று கேட்டு நிற்கிற பாரம் இருக்கிறது. நம் வாலிபர் கூடுகையில் அந்தப் பாரத்தோடு கடைசியாக எப்போது பேசினோம்?

தொகுப்பு வெளிவந்த தேதி 2001 செப்டம்பர் 11. வேறு எதற்கும் யாருக்கும் மனது இல்லாத அந்த நாளில் கடைக்கு வந்தது. அந்த வாரமே கிளியர் சேனல் என்ற பெரிய வானொலி நிறுவனத்துக்குள், இந்த நேரத்தில் போடுவதற்குச் சங்கடமான பாட்டுகள் என்று 150-க்கும் மேற்பட்ட பாட்டுகளின் பட்டியல் ஒன்று சுற்றியது. அதில் பி.ஓ.டி.யின் 'பூம்' இருந்தது. குண்டு வெடிக்கிற சொல் தலைப்பில் இருந்ததால் சேர்த்திருப்பார்கள். சோர்ந்த கூட்டத்தை எழுப்பும் உற்சாகப் பாட்டு அது. ஆனால் அதே தொகுப்பின் 'அலைவ்', இன்று உயிரோடு இருக்கிறேன் என்று நன்றி சொல்லும் பாட்டு, அந்த மாதங்களில் அமெரிக்கா முழுவதும் ஓயாமல் ஒலித்தது. தொகுப்பு அமெரிக்க விற்பனையைக் கணக்கிடும் பில்போர்டு பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் என்ற கணக்கைத் தாண்டியது. நாடு முழுக்கத் துக்கத்தில் இருந்தபோது, தெருவில் இருந்த பிள்ளைகளின் காதுக்குப் போய்ச்சேர்ந்த ஸ்தோத்திரப் பாட்டு கனமான கிதாரோடு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வானொலியை விடுங்கள், அது வியாபாரம். என்னை வருத்துவது சொந்த வீடு. 2000-இல் ஓஸ்ஃபெஸ்ட் என்ற மெட்டல் விழாவில் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் மேடையில் இவர்கள் வாசித்தபோது, பாவிகளோடு போய் நிற்கிறார்களே என்று விசுவாசிகளே பேசினார்கள். 2003-இல் குழுவின் பெயரிலேயே வந்த தொகுப்பின் அட்டையில் இருந்த ஓவியம் மந்திரவாதம் போலத் தெரிகிறது என்று அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் பல அதை வாங்கி விற்க மறுத்தன. உள்ளே இருந்த பாட்டைக் கேட்டுவிட்டா முடிவெடுத்தார்கள்? உலகத்தார் கடையில் இயேசுவைப் பாடும் தொகுப்பு இருந்தது, இயேசுவின் பேரில் நடந்த கடையில் இல்லை. நம் ஹாலில் நடந்ததும் இதுதான் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அவர்களிடம் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 2012-இல் வந்த 'மர்டர்ட் லவ்' தொகுப்பின் கடைசிப் பாட்டில், மறைத்து ஒலிக்கவிட்டாலும் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. இழிவான நிலையில் கிடக்கிற மனிதனின் வாயில் வருவதாக அமைத்த பாட்டு அது. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதை நம் பிள்ளைகளுக்கு நான் போட்டுக்காட்ட மாட்டேன். எல்லாத் தொகுப்பும் ஒரே தரமும் இல்லை. குரியேல் 2003-இல் விலகி, சில வருஷம் கழித்துத் திரும்பி வரும்வரை அந்த ரெகே அசைவு கொஞ்சம் இறுகிப்போனதாக எனக்குத் தோன்றும். சலித்து எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். சலிக்க வேண்டுமானால் முதலில் முறத்தில் போட வேண்டும்.

அவர்கள் பாட்டோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சன்னி சாண்டோவலும், கார்ன் என்ற மெட்டல் குழுவிலிருந்து போதைக்குள் விழுந்து மீண்டுவந்த பிரையன் வெல்சும் இன்னும் சிலரும் சேர்ந்து 'தி ஹூசோயெவர்ஸ்' என்று ஓர் ஊழியம் தொடங்கினார்கள். பள்ளிகளுக்குப் போய், சாக நினைக்கிற பிள்ளைகளோடும் போதையில் சிக்கிய பிள்ளைகளோடும் பேசுகிறார்கள். பேர் யோவான் 3:16-இலிருந்து எடுத்தது. நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் "எவனோ". விசுவாசிக்கிறவன் எவனோ அவன். சடைமுடிக்காரன் எவனோ, பச்சை குத்தினவன் எவனோ, பத்தொன்பது வயதில் டிரம்ஸ் வாசிக்கிறவன் எவனோ.

இது நமக்குப் புதிய வழக்கும் அல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத்தானே நாம் பயபக்தியோடு எழுந்து நின்று பாடுகிறோம்? அவர் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறவஞ்சி அந்தக் காலத்தில் கோயில்களிலும் அரண்மனைகளிலும் ஆடிய காதல் நாடகம். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். அந்த வடிவத்தைத் துணிந்து எடுத்து இயேசுவுக்கு முன்னால் வைத்தார். நம் காலத்திலேயே மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு ஐயா பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். தீட்டு என்று ஊர் தள்ளிவைத்த வாத்தியத்தைத் திருவிருந்து மேசைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். 2005-இல் அவர் இறந்தபோது, அவர் மெட்டைப் பாடி வளர்ந்த எத்தனை கிராமச் சபைகள் அழுதன! அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம், நம் வீட்டுப் பையன் கொண்டுவரும் தாளத்துக்கு மட்டும் மெயின் சுவிட்சைத் தேடலாமா? 150-ஆம் சங்கீதத்தில் கைத்தாளங்களுக்கு முன்னால் "பேரோசையுள்ள" என்று எழுதியிருப்பதை நாம் வருஷா வருஷம் வாசிக்கிறோம்.

நான் கேட்பது பெரிதல்ல. எட்டு மணி ஆராதனையில் மூத்தவர்கள் காது நோகும்படி வாசிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என் அம்மாவும் அந்த ஆராதனைக்குத்தான் வருகிறார்கள். மாதத்தில் ஒரு சாயங்காலம், வாலிபர் கூடுகைக்கு ஹாலைக் கொடுங்கள். ஆம்பின் ஒலியை எவ்வளவில் வைக்க வேண்டும் என்று நீங்களே கோடு போட்டுக் கொடுங்கள், நான் பொறுப்பு. ராப் வரிகளை முன்கூட்டியே எழுதிக் குருவானவர் கையில் கொடுத்துவிடுகிறோம். கூடாத வரி இருந்தால் அடித்துவிடுங்கள், பையன்கள் வேறு எழுதுவார்கள். அதற்கு முன்னால், தீர்மானப் புத்தகத்தில் இருக்கும் அந்த வரியை மறுபடி எடுத்துப் பேசுங்கள். பேசுகிற கூட்டத்துக்கு அந்தப் பையன்களில் இரண்டு பேரையாவது கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, அவர்கள் வாயால் கேளுங்கள்.

டிரம்ஸ் வாசித்த அந்தப் பையன் மூன்று ஞாயிறாக வரவில்லை. போன வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. "விடுங்கண்ணே, சபைக்கு வேணாம்னா வேணாம்" என்றான். குச்சிகள் இரண்டையும் ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து, அலமாரிக்கு மேலே வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. முதல் அடி காலி, மூன்றாவது அடியில் தட்டு.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு என் வீட்டு மாடியில் நான்கு பாட்டு போடுகிறேன். 'யூத் ஆஃப் தி நேஷன்', 'அலைவ்', மதிஸ்யாகுவோடு பாடியது, கடைசியில் நம் பையன்கள் போனில் பதிவு செய்து வைத்திருக்கும் அந்தக் கீர்த்தனை, சுவிட்ச் அணைந்த இடம் வரைக்கும். வரிகளைத் தமிழில் எழுதி ஆளுக்கொரு தாள் வைத்திருப்பேன். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து; கைப்பிடித்து ஏற்றிவிட அவனையும் வரச்சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து வாருங்கள், ஐயா.

கர்த்தருக்குள் தாழ்மையோடு,
பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறவன்